பின்வாசலில் வாழைமரம்

ஜன. 5, திங்கள்

மார்கழிப் பனி. ஒன்பது மணி வரை ராஜகிரி மலை இருந்த இடமே தெரியவில்லை. பேட்டரி எல்லாம் சார்ஜில். லென்ஸில் ஒரு புள்ளி. பூஞ்சை என்று பயந்தேன். துடைத்ததும் போய்விட்டது, வயிற்றில் பால் வார்த்தது.

கலை விழா வேலை நாளை ஆரம்பம். சென்னையிலிருந்து வந்திருக்கும் நந்திதா மேடம் (இனி ந.மே.) வீடியோவில் கலை செய்கிறவர். திண்டிவனம் ரோட்டில் மூடிக் கிடக்கும் ரைஸ் மில் கிடங்கில் நாலு சுவரிலும் தரையிலும் படம் ஓடுமாம். பார்க்க வருகிறவர்கள் நடுவில் நிற்க வேண்டும். சுற்றிலும் நடவு வயல், காலடியில் தண்ணீர். முதலில் செஞ்சிக் கோட்டைச் சுவர் மேலேயே காட்டக் கேட்டிருக்கிறார்கள், அனுமதி கிடைக்கவில்லை.

உள்ளூர்க் கேமராவுக்கு நான். இத்தனை வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், யாரும் நடுவில் நின்று பார்த்ததில்லை. தங்கள் முகம் வரும் இடம்வரை ஓட்டுவார்கள், பார்ப்பார்கள், அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அதுவும் ஒரு ரசனைதான்.

சாயங்காலம் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் நடவுக்கு ஆள் கூட்டிப் போவது அவள்தான்.

"நாளைக்கு வீடியோக்கா. எல்லாரையும் இட்டுக்குனு வந்துடு."

"மூஞ்சி வருமா?"

"செவுரு உசரத்துக்கு வரும்."

"நெசமாவா? அப்ப சொல்லிடறேன் எல்லாத்துக்கும்."

வாங்க வேண்டியது: செல்லோ டேப், கடலை எண்ணெய், வீட்டுக்காரர் ஏழுவுக்கு இருமல் மருந்து.

ஜன. 6, செவ்வாய்

விடிந்ததும் வயல். கூத்து.

பெண்கள் பதினோரு பேரும் கல்யாணத்துக்குப் போகிற கோலத்தில் வந்து நிற்கிறார்கள். நல்ல புடவை, முகத்தில் பவுடர், தலையில் கனகாம்பரம். நடவு நேரத்தில் புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளும் ஆம்பிளைச் சட்டை ஒருத்தியிடமும் இல்லை. பச்சையம்மா அக்கா மட்டும் பூ வைக்கவில்லை. வைக்கமாட்டாள், கணவர் போய் ரொம்ப வருஷம். ஆனால் மஞ்சள் புடவை, மடிப்புக் கலையாத புதுசு.

ந.மே. என்னைத் தனியே கூப்பிட்டார். "தேவகி, தினமும் இப்படியா வயலுக்கு வருவாங்க?"

"தினமும் வீடியோவா எடுக்கறோம் மேடம்?"

தப்பு என்னுடையதுதான். செஞ்சியில் வீடியோ என்றால் விசேஷம். விசேஷம் என்றால் நல்ல புடவை. வேறு மாதிரி வீடியோ இருக்கிறது என்று எனக்கே போன மாதம்தான் தெரியும்.

போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். அஞ்சலை அக்கா நகரவில்லை. "ஊட்டுக்குப் போய் வந்தா வெயிலு ஏறிடும் மேடம். நாத்து வாடிடும். கையிதான பெரிசா எடுக்கறேன்னீங்க. கையி எப்பவும் போலத்தான் இருக்குது."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். பின்னாலேயே பத்துப் பேர். நல்ல புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு சேற்றில். நான் சிரிக்கவில்லை. ந.மே. முன்னால் சிரித்தால் வேலை போகும்.

கை எடுத்தோம். கால் எடுத்தோம். நாற்று முடி, வளையல், சேறு, தண்ணீரில் வானம். ந.மே. போன் பேசக் கார்ப் பக்கம் போனார். அந்த நேரத்தில் பெண்களை வரப்பில் ஏற்றினேன். கல்யாணத்தில் செய்வேனே, அதேதான். ஒவ்வொருத்தராக முன்னால் வந்து, லென்ஸைப் பார்த்து, நான் "சரி" என்கிற வரைக்கும் நிற்க வேண்டும். யாரும் விடுபடக்கூடாது. இது எங்கள் தொழிலின் முதல் பாடம். பந்தியில் ஓர் இலை விட்டுப்போனாலும் சம்பந்தி சண்டை வரும்.

பச்சையம்மா அக்கா கடைசியில் வந்தாள். வந்தும் ஓரமாக, பாதி முகம் அந்தப் பக்கம் திரும்பி.

"அக்கா, இங்க வா. நடுவுல நில்லு."

"நானா? நடுவுலயா?"

"நீதான்."

திரும்பிப் பார்த்தாள், யாராவது ஏதாவது சொல்லுவார்களா என்று. யாரும் சொல்லவில்லை. வந்தாள். நேராக லென்ஸைப் பார்த்தாள். இமைக்கவே இல்லை. நான்தான் "சரி" சொல்ல மறந்து நின்றேன். எத்தனையோ கல்யாணப்பெண்களை எடுத்திருக்கிறேன், ஒருத்தியும் என் கேமராவை அப்படிப் பார்த்ததில்லை.

ந.மே. திரும்பி வந்து, "இது எதுக்கு தேவகி?" என்றார்.

"சொல்லிட்டேன் மேடம், மூஞ்சி வரும்னு."

போகலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார்ப் பக்கம் திரும்பினார். வருமா வராதா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஜன. 11, ஞாயிறு

நிக்காஹ், பெரிய பள்ளிவாசல் தெரு. பெண்கள் பக்கத்துக்கு எப்போதும் நான்தான். மார்கழியில் அவர்கள் வீட்டு விசேஷம்தான் எனக்குச் சோறு. இன்று சோறு மட்டுமில்லை, பிரியாணி. ஏழுவுக்கும் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தார்கள், மைக்செட்டுக்காரர் என்று மரியாதை.

கெண்டைக்கால் வலி இன்னும் போகவில்லை. அரை நாள் சேற்றில் நின்றதற்கே இப்படி.

ஜன. 17, சனி

பொங்கல் முடிந்தது. வீட்டில் கரும்புச் சக்கை, எறும்பு.

ந.மே. எடிட் செய்து கொண்டுவந்தார். லாட்ஜ் அறையில் லேப்டாப்பில் பார்த்தேன். நாலு சுவருக்கு நாலு படம், தரைக்கு ஒன்று. பொய் சொல்ல மாட்டேன், அழகு. தண்ணீரில் விரல் இறங்குவது மெதுவாக, மெதுவாக. நாற்று நிமிர்ந்து நிற்பது. அடியில் உம் என்று ஒரு சத்தம் மட்டும். நான் எடுத்ததா இது என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது.

முடிந்துவிட்டது. ஒரு முகமும் இல்லை.

"மூஞ்சி எங்க மேடம்?"

பொறுமையாகத்தான் விளக்கினார். "முகம் வந்தா அது ஒருத்தரோட கதை ஆயிடும் தேவகி. கை மட்டும்னா அது எல்லாரோட உழைப்பு. உலகத்துல எங்க இருக்கிறவங்களுக்கும் புரியும்."

"அவங்க புள்ளைங்களுக்குப் புரியாது மேடம். இது எங்கம்மா கையின்னு எப்படி கண்டுபுடிக்கும்?"

"அந்தப் புடவை, பவுடர் எல்லாம்... கல்யாண வீடியோ மாதிரி இருக்கு. எல்லாரும் கேமராவையே முறைக்கிறாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

நினைத்துக்கொண்டேன். கல்யாண வீடியோ என்றால் கேவலமா? அதில் யாரும் தலையில்லாமல் வருவதில்லை. சோற்றுக்கு நாற்று நட்ட கை பெரிசு, அதற்கு மேலே இருக்கிற முகம் வேண்டாம் என்றால் என்ன நியாயம்? இதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. "மூஞ்சி வரணும் மேடம்" என்று மட்டும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, போதும் போதும் என்கிற அளவுக்கு.

கடைசியில் அவர் சொன்னது: "தேவகி, இது என்னோட ஒர்க்."

சரி. ஒர்க் அவருடையது. வாக்கு என்னுடையது.

ஜன. 18, ஞாயிறு

ஏழு சொல்கிறார், "உட்டுத் தள்ளேன். எடுத்துக் குடுத்த, முடிஞ்சிது. அவங்க படம், அவங்க இஷ்டம். உனக்கு ஏன் இந்த டென்ஷன்?"

"நீங்க மைக் செட் கட்டிட்டு, சத்தம் வராதுன்னா உட்டுட்டு வருவீங்களா?"

இருமினார். இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிப்பதில்லை.

மார்க்கெட்டில் அஞ்சலை அக்கா. அவள் கேட்பதற்குள் வேறு பக்கம் திரும்பிக் கத்தரிக்காய் பொறுக்கினேன். எனக்கே என் மேல் வெறுப்பு. இன்னொரு தடவை திரும்ப மாட்டேன்.

ஜன. 28, புதன்

முகூர்த்தம். பெண் யார் என்றால் பச்சையம்மா அக்காவின் சொந்தத் தம்பி மகள். எனக்கு மண்டபத்துக்குப் போனபிறகுதான் தெரியும்.

தாலி கட்டுகிற நேரம், கேமராவில் கண். பின்னால் வரிசையில் ஒரு மஞ்சள் புடவை. அதே மஞ்சள், சேறு போகத் துவைத்தது. அக்கா எட்டிப் பார்க்கிறாள், தூக்கி வளர்த்த பிள்ளை இல்லையா. யாரோ ஒரு பெரியம்மா, நல்ல சத்தமாகவே: "பச்சையம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. வீடியோல வுழுது பாரு."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தம்பியும். அவள் தள்ளி நின்றாள். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு சமையல் கட்டுப் பக்கம் போய்விட்டாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் பார்ப்பதுதான். ஒருத்திக்கு மட்டுமா? தூண் மறைவில் யார் நிற்கிறார்கள் என்று வீடியோக்காரிக்குத் தெரியாதா. இன்றைக்குத்தான் தாலியை விட்டு அவள் போன பக்கம் திரும்பினேன். தாலி ஷாட் கொஞ்சம் ஆடியிருக்கும். ஆடட்டும்.

பந்தி ஓடும்போது தேடிப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், எல்லாரும் சாப்பிட்டு முடிக்கப் போகிற நேரத்தில் வெங்காயம் எதற்கென்று தெரியவில்லை.

"வாக்கா, பொண்ணு மாப்ளகூட ஒண்ணு எடுக்கறேன்."

"வேணாம்மா. அவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க, பொண்ணு மனசு கஷ்டப்படும்." பிறகு சிரித்தாள். "நான்தான் செவுத்துல வரேனே. அது போதும். என்னிக்கும்மா அது? புடவை தொவைச்சி வச்சிக்கிறேன்."

ஏழாம் தேதி என்றேன். வாய் தானாகச் சொன்னது.

முடிவு செய்துவிட்டேன். அவள் முகம் வரும். எப்படி என்றுதான் தெரியாது.

பிப். 3, செவ்வாய்

ரைஸ் மில். வெள்ளையடித்து முடிந்தது, சுண்ணாம்பு நெடி. புரொஜெக்டர் எல்லாம் மேலே மாட்டியாயிற்று. குரங்கு ஒன்று கேபிளைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. ந.மே. அதற்கே ஒரு ஆளைக் கம்போடு நிறுத்தியிருக்கிறார்.

இன்று போர்தான். நேராகச் சொன்னேன், மூஞ்சி இல்லையென்றால் நான் எடுத்த ஒரு துண்டும் ஓடக்கூடாது, ஒரிஜினல் எல்லாம் என்னிடம் இருக்கிறது. ந.மே. முகம் சிவந்தது. வேறு ஊரில் எடுத்த வயல் போடுவேன் என்றார்.

"போடுங்க மேடம். வரப்பப் பாத்தே நம்ம ஊரு இல்லன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க."

வாட்ச்மேன் டீ வாங்கி வந்து வைத்துவிட்டு ஓடிவிட்டார். கடைசியில் ந.மே. இறங்கி வந்தார். கொஞ்சம்தான்.

கிடங்குக்கு இரண்டு வாசல். ஒன்று ரோட்டுப் பக்கம், கிழக்கே. இன்னொன்று மேற்கே, நெல் காயவைக்கிற களத்துப் பக்கம். ரோட்டு வாசலில் நுழைந்தால் எதிரே தெரிவது மேற்குச் சுவர். அதில் கை. அதுதான் முக்கியமாம். பக்கச் சுவர் இரண்டிலும் வயல், தரையில் தண்ணீர். கிழக்குச் சுவர், அதாவது நுழைகிறவர்கள் முதுகுக்குப் பின்னால், அங்கே வேண்டுமானால் முகங்கள்.

"திரும்பினா பாப்பாங்க" என்றார்.

திரும்பமாட்டார்கள். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மண்டபத்துத் தூண் மறைவை இங்கே கொண்டுவந்து சுவரில் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். தெரிந்து செய்யவில்லை. தெரியாமல் செய்வதற்கு என்ன மரியாதை?

"ஃபைல்ல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க தேவகி."

"ஃபைல்ல கை வைக்க மாட்டேன் மேடம்."

பண்ணிவிட்டேன்.

பிப். 4, புதன்

மழை மேகம், மழை இல்லை. அழைப்பிதழ் வந்தது. வழவழ காகிதம். 'இடம்: பழைய ரைஸ் மில்' என்று மட்டும் இருக்கிறது. ஒளிப்பதிவில் என் பெயர், பொடி எழுத்து. பெண்கள் பெயர் இல்லை. 'செஞ்சி வயற்பெண்கள்' என்று ஒரு வரி.

அழைப்பிதழ் பின்பக்கத்தில் பதினோரு பெயரையும் பேனாவால் எழுதினேன். என் பிரதியில் மட்டும்தான். இருந்தாலும்.

பிப். 6, வெள்ளி

ஏழு வண்டியில் வாழைமரம் ஏற்றிக்கொண்டு வந்தார், குலையோடு இரண்டு. விழாவுக்கு மைக், சீரியல் செட் விளக்கு, வாசல் அலங்காரம் எல்லாம் அவர்தான். இறங்கியதும் எப்போதும் கேட்கிற கேள்வி: "எங்க கட்றது?"

எப்போதும் சொல்கிற பதில்: வாசலில். சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் விருந்தாளி எதைப் பார்த்து உள்ளே போகிறான்? போர்டைப் பார்த்தா? வாழைமரம் எங்கே கட்டியிருக்கிறதோ அங்கே போவான். கல்யாணமோ கட்சி மாநாடோ, மந்திரியானாலும் மாட்டு வியாபாரியானாலும் அதுதான். வாழைமரம் கட்டினால் மாட்டுக் கொட்டகையும் மண்டபம்.

"களத்துப் பக்கம் கட்டுங்க" என்றேன்.

"அது பின்வாசல்டி."

"கட்டுனா முன்வாசல்."

என்னைப் பார்த்தார். அப்புறம் கிடங்கைப் பார்த்தார், உள்ளே எந்தச் சுவரில் என்ன ஓடும் என்று அவருக்கும் தெரியும். தலையைச் சொறிந்தார்.

"மேடம் கேட்டா?"

"என்னக் கேக்கச் சொல்லுங்க."

கட்டினார். கட்டியது மட்டுமில்லை, மனுஷன் இறங்கிவிட்டால் நிற்கமாட்டார். சீரியல் செட்டும் அங்கே, ரிப்பனும் அங்கே, குழாய் ஸ்பீக்கரும் அங்கே, ரோட்டிலிருந்து களத்துக்கு வழிகாட்டித் தோரணம். ரோட்டு வாசலில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் இனி ஈ கூட நுழையாது.

ஃபைலில் நான் கை வைக்கவில்லை.

மதியம் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், நாளை நாலு மணி, எல்லாரும், நல்ல புடவை. இந்தத் தடவை தெரிந்தே சொன்னேன்.

ராத்திரிக்கு ரசம் மட்டும்.

பிப். 7, சனி

வெயில். காற்றில்லை. மலையைப் பார்த்தால் கண் கூசியது. பழைய செருப்பு அறுந்தது, ஊக்கு குத்திக்கொண்டு போனேன்.

ந.மே. மூன்றரைக்கு வந்தார். காரை ரோட்டுப் பக்கம் நிறுத்தி, ஜெனரேட்டரைப் பார்த்து, சுற்றிக்கொண்டு களத்துக்கு வந்தார். வாழைமரத்தைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். உள்ளே ஒரு நிமிஷம் போய்விட்டு வந்தார். வரும்போது முகத்தில் ரத்தம் இல்லை.

"தேவகி, ஏன் பின்வாசல்ல கட்டியிருக்கீங்க?"

"இதான் முன்வாசல் மேடம்."

"நீங்க ப்ராமிஸ் பண்ணீங்க."

"ஃபைல தொடல மேடம். கதவத்தான் மாத்தினேன். அவங்களுக்கு முன்னாடியே வாக்கு குடுத்துட்டேன், உங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி. இனிமே என்ன நீங்க கூப்புட வேணாம், பரவால்ல."

சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சிறப்பு விருந்தினர் கார். பெரிய அதிகாரி, நல்ல உயரம், வெள்ளை வேட்டி. யாரும் வழி காட்டவில்லை, கார் தானாக வாழைமரத்தடியில் வந்து நின்றது.

ரிப்பன் வெட்டி, திரை விலக்கி, உள்ளே போனார்கள். நான் கேமராவோடு பின்னாலேயே.

இருட்டு. காலடியில் தண்ணீர் அசைகிறது. அதிகாரி ஒரு நொடி வேட்டியைத் தூக்கிவிட்டார், நிஜமென்று நினைத்து. பக்கத்தில் வயல், வானம். எதிரே, தரையிலிருந்து கூரை வரைக்கும், அஞ்சலை அக்கா முகம். பவுடர், கனகாம்பரம், கன்னத்தில் சேறு. என்னடா பார்க்கிறாய் என்று கேட்கிற மாதிரி நேராகப் பார்க்கிறாள். பேச்சுச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. அவள் போய் அடுத்தவள். அடுத்தவள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, தலை குனியவில்லை. உள்ளே வந்தவர்கள்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் காலைப் பார்த்தார்கள்.

ந.மே. சுவரோரம் நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்க்காமல், பார்க்கிறவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா வேறா, தெரியவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

அப்போதுதான் பெண்கள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரைப் பார்த்ததும் பழக்கத்தில் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பு. "ஏய், அது நீடி." "என் மூக்கு இம்மாம் பெரிசாவா இருக்குது?" யாரும் அவர்களை அடக்கவில்லை.

பச்சையம்மா அக்கா கடைசி. மஞ்சள் புடவை. கதவோரத்திலேயே நின்றுவிட்டாள், வழக்கம்போல.

அதிகாரிக்குப் பொன்னாடை போட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் போட்டோ கேட்டார்கள். அவர் சுவரை ஒட்டி நடுவில் போய் நின்றார், பொன்னாடை மின்ன. சுவரில் ஆள் மாறியது. மஞ்சள். கூரை உயரத்துக்குப் பச்சையம்மா அக்கா முகம். நெற்றி தெரிகிறது, காது தெரிகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் அதிகாரியின் நிழல், கறுப்பாக.

நான் கேமராவை இறக்கிவிட்டு அவரிடம் போக நகர்ந்தேன். எனக்கு முன்னால் யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகிறார்கள். வெறுங்கால். தரையில் ஓடும் தண்ணீர் மேல் நடந்து நேராக, நடுவுக்கு. அவர் பக்கத்தில் போய் நின்று, சத்தம் போடாமல், தம்பியிடம் பேசுகிற மாதிரிச் சொன்னாள்:

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் மூஞ்சில நெழலு வுழுது."

தள்ளி நின்றார்.